அடிபடாம வந்த ரத்தக்கட்டு

(காட்சி: கடலூர் சில்வர் பீச், சாயங்காலம். மணல்ல வாலிபால் வலை.)

தேவனாம்பட்டினத்துல தினமும் ஸ்மாஷ் அடிக்கிற ஒரு பையனை நினைச்சுக்கோங்க. வயசு 20. நேத்து டோர்னமென்ட்ல நாலு மேட்ச். காலையில எழுந்தா வலது கை மொத்தமும் வீங்கிப் பாரமா இருக்கு. நிறம் லேசா நீலம். எங்கேயும் விழல, அடி படல.

வீட்ல அம்மா, "ரத்தம் கட்டிக்கிச்சுடா"ன்னு புளி, உப்பு, மஞ்சள் கொதிக்க வெச்சுப் பத்துப் போடுவாங்க. இல்லன்னா சுளுக்குன்னு எண்ணெய் தேய்ச்சு நீவி விடுவாங்க.

இங்கதான் அந்த வார்த்தை நம்மளை ஏமாத்துது. நாம ரத்தக்கட்டுன்னு சொல்றது, அடிபட்ட இடத்துல தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சு தேங்குறதை. சின்னதா இருந்தா அது தானா கரைஞ்சிடும். இந்தப் பையனுக்கு ரத்தம் உறைஞ்சிருக்கிறது ரத்தக் குழாய்க்கு உள்ள.

(படம்: கழுத்து, தோள், காறை எலும்பு)

கழுத்துக்குக் கீழ இருந்து தோள் வரைக்கும் போற உங்க காறை எலும்பைத் தொட்டுப் பாருங்க. அதுக்கும் கீழே இருக்கிற முதல் விலா எலும்புக்கும் நடுவுல ஒரு சந்து. கையில இருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்புற பெரிய சிரை அது வழியாத்தான் போகுது. கையைத் தலைக்கு மேல தூக்கினா சந்து குறுகும், சிரை நசுங்கும். ஒரு தடவை நசுங்கினா ஒண்ணும் இல்ல. சர்வீஸ், ஸ்மாஷ், நீச்சல், பளுதூக்குதல்னு வருஷக்கணக்கா நசுங்கினா? சில பேருக்குச் சந்தே குறுகல், பயிற்சியில தசையும் தடிச்சிடும். சிரையோட உள்சுவர் புண்ணாகித் தழும்பு ஏறும், ரத்தம் அங்க உறையும்.

1875-ல டாக்டர் ஜேம்ஸ் பேஜட்டும் 1884-ல டாக்டர் ஷ்ரோட்டரும் இதை விவரிச்சாங்க. அதனால பேஜட்-ஷ்ரோட்டர் சிண்ட்ரோம்னு பேரு. 2025 பிப்ரவரியில, என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் விக்டர் வெம்பன்யாமாவுக்கு 21 வயசுல வலது தோள் சிரையில ரத்தம் உறைஞ்சது. மிச்ச சீசன் முழுக்க ஆடல. அடுத்த சீசன்ல களத்துக்குத் திரும்பிட்டார்.

(படம்: தோள், மார்புத் தோல்ல நீலக் கோடுகள்)

தோள்லயும் மார்புலயும் புதுசா நீலக் கோடுகள் தெரியுதான்னு பாருங்க. நாம 'நரம்பு'ன்னு சொல்வோமே, அதெல்லாம் சிரைதான். மாசி மகத்தன்னிக்குக் கடற்கரை ரோடு அடைச்சா வண்டிங்க சந்துபொந்துல புகுந்து போகும் இல்லையா, அப்படி ரத்தம் சின்னச் சிரைகள்ல வழி தேடுது.

தயவுசெஞ்சு நீவாதீங்க. உறைஞ்ச கட்டியில ஒரு துண்டு பிரிஞ்சு நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா உடனே 108.

கைக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டுற அல்ட்ராசவுண்ட்) எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும். சிரைக்குள்ள மெல்லிய குழாய் விட்டு மருந்தால கட்டியைக் கரைக்கிறது முதல் ரெண்டு வாரத்துக்குள்ளதான் நல்லா வேலை செய்யும். பத்துப் போட்டுக் காத்திருந்தா போறது அந்த நாள்தான். பிறகு சில மாசம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. பல விளையாட்டு வீரர்களுக்கு முதல் விலா எலும்பை எடுத்துச் சந்தை அகலமாக்குற ஆபரேஷனும் செய்றாங்க. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில இதயம், நெஞ்சு, ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கு.

டாக்டர்கிட்ட "கை வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா, இந்த வயசுல அவருக்கும் சுளுக்குதான் முதல்ல தோணும். இப்படிச் சொல்லுங்க: "அடி எதுவும் படல டாக்டர். நான் வாலிபால் ஆடுறவன். ஒரே ராத்திரியில விரல் வரைக்கும் வீங்கி நீலமாயிடுச்சு. டாப்ளர் பார்க்கணுமா?"