திறக்கலாமா என்று கேட்டார்கள். எப்படி என்று கேட்கவில்லை

(கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனி வணக்கம். உங்கள் நேரம் காசு. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2020 நவம்பர் 9 உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவுக்காகப் பூட்டியிருந்த சமயம், தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். நவம்பர் 16 முதல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்புகளைத் திறக்கலாமா, வேண்டாமா? பயந்தவர்கள் வேண்டாம் என்றார்கள், பரீட்சையை நினைத்தவர்கள் திறங்கள் என்றார்கள். இரண்டுமே நியாயம்தான். பெற்றோரைக் கேட்டதும் நல்ல காரியம். ஆனால் எப்படித் திறப்பது, முதல் மாதம் எதைச் சொல்லிக்கொடுப்பது, போன் இல்லாத பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற பேச்சு அன்றைக்கு வரவேயில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்கு அந்தக் கூட்டத்துக்கு அழைப்பே கிடையாது.

அப்புறம் நடந்தது தெரியும். திறப்பு தள்ளிப்போனது. 2021 ஜனவரி 19-இல் பத்தும் பன்னிரண்டும் வந்தார்கள். பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும். இரண்டாம் அலையில் மறுபடி பூட்டு. செப்டம்பர் 1-இல் பெரிய பிள்ளைகளுக்குத் திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை உள்ளவர்களுக்குக் கதவு திறந்தபோது நவம்பர் 1. அதாவது 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, பள்ளிக்கூட பெஞ்சில் முதல்முறையாக உட்காரும்போது இரண்டாம் வகுப்பில் பாதி வருடம் போய்விட்டது.

இடைப்பட்ட காலத்தில் பாடம் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆசிரியர்கள் உழைத்தோம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போனது. என் வகுப்பில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண். அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்னே போகிறவர். வீட்டில் இருந்த ஒரே போன் அவர் சட்டைப்பையில். காலை பத்து மணிக்கு நான் அனுப்பும் கணக்கு, அவர் பால் எடுத்து, ஷீட் அடித்து, வீடு வந்த பிறகுதான் அவள் கண்ணில் படும். "டீச்சர், அப்பா வந்த பொறவுதான் பார்ப்பா, கோவிச்சுக்கிடாதீங்க" என்று அவள் அம்மா சொல்வார். நோட்டைப் படம் எடுத்து ராத்திரி அனுப்புவாள். கண்ணாடி கீறிய போன், மங்கிய பல்பு வெளிச்சம், பக்கத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் நிழல். கணக்கின் கடைசி வரி எப்போதும் அந்த நிழலுக்குள் போய்விடும். விடை சரி என்று தெரியும். எந்தப் படியில் தடுமாறினாள் என்பது தெரியாது. வகுப்பில் என்றால் அவள் பக்கத்தில் போய் நின்றாலே போதும், பேனா எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஒரே சுற்றறிக்கைக்குள் அடங்குகிற மாவட்டம் இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகளில் பல இடங்களில் டவரே எடுக்காது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வர வாரக்கணக்கு ஆகும். அம்மா ஒருத்தியே ஒரு போனையும் மூன்று பிள்ளைகளின் வகுப்பு நேரத்தையும் சமாளிக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் ஆளுக்கொரு போன் உள்ள வீடும் உண்டு, அடுத்த தெருவில் போன் ரீசார்ஜ் செய்யக் கடன் வாங்கிய வீடும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம், ஏறக்குறைய 92 சதவீதம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனாலேயே, இங்கே பிள்ளைகள் எப்படியும் படித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

திறந்த பிறகு பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அ, ஆ, இ, ஈ என்று ராகத்தோடு முழுசாகச் சொல்லுவான். போனில் கேட்ட பாட்டு. பலகையில் 'எ' எழுதி இது என்ன என்று கேட்டேன். வாய்க்குள் அ-விலிருந்து பாடத் தொடங்கி, விரலை மடக்கிக்கொண்டே வந்து, 'எ' வந்ததும் நிறுத்திச் சொன்னான். எழுத்தை அவன் பார்க்கவில்லை, பாட்டில் அதன் இடத்தை எண்ணினான். புத்திசாலிப் பிள்ளை. அவனுக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திறந்து வைப்பது அநியாயம். இதை எந்தத் தொலைக்காட்சியும் கண்டுபிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஆள்தான் கண்டுபிடிக்க முடியும். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது நான் சந்தோஷப்பட்டது அதனால்தான். சாயங்காலம் தெருத் திண்ணையில் ஒரு தன்னார்வலர், சுற்றி இருபது பிள்ளைகள். பல ஊர்களில் அந்தப் பெண்கள்தான் எழுத்தை மீட்டுக் கொடுத்தார்கள்.

திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்த நவம்பரிலேயே பெருமழை. மாவட்டத்தில் மறுபடி விடுமுறை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கொரோனா போய்விட்டது என்று நாம் மூச்சு விடலாம், ஆனால் நமக்குத் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். 2017-இல் ஒக்கி புயல் வந்தது. பள்ளிக்கூடம் பூட்டுவது இங்கே நூறாண்டுக்கு ஒருமுறை நடக்கிற விஷயம் இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. கட்டடம், கழிப்பறை, குடிநீர் எல்லாம் அதில் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். கூடவே ஒரு பக்கம் சேருங்கள்: பள்ளி பூட்டினால் என்ன செய்வது, திறந்தால் என்ன செய்வது. எந்த வீட்டில் போன் பகலில் இருக்கும், எந்த வீட்டில் ராத்திரிதான். டவர் இல்லாத பிள்ளைக்கு அச்சடித்த தாளை யார் கொண்டுபோய்க் கொடுப்பது. பள்ளி பூட்டினாலும் பத்துப் பிள்ளை உட்கார்ந்து படிக்கச் சமுதாயக் கூடமா, சர்ச் பங்குக் கூடமா, ஊர்ப்புற நூலகமா, சாவி யாரிடம். மதியச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அரிசியும் பருப்பும் எப்படிப் போய்ச் சேரும். 2020-இல் கொடுத்தார்கள், வாங்க வரமுடியாத வீடுகளும் இருந்தன. திறந்த முதல் மாதம் புதுப் பாடம் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது என்று எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாதத்தில் பாடம் முடியவில்லை என்று மேலிருந்து கேட்டால், குழுவின் தீர்மானத்தைக் காட்டுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்குத் தனி பலம் உண்டு. தனியார் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோரும் இதையே உங்கள் பள்ளியில் கேட்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குழுக் கூட்டம் வரும். தயவுசெய்து அன்றைக்கு வாருங்கள். போன் இல்லாத வீடுகளின் பெயரை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குக் கீழே.