அரசனுக்கு முன்பே கட்டியவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஒரு வரிசை இருக்கிறது. மனிதன் முதலில் வேட்டையாடித் திரிந்தான். அப்புறம் விதைக்கக் கற்றுக்கொண்டான். விளைச்சல் மிஞ்சியது. மிஞ்சியதால் ஊர் உண்டானது, ஊருக்குக் கோயில் வந்தது, கோயிலுக்குப் பூசாரி வந்தார், கடைசியில் எல்லோருக்கும் மேலே ஓர் அரசன் வந்து உட்கார்ந்தான். 1877-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் மனித குலத்தையே காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மூன்று படிகளாக அடுக்கினார். அடுத்த நூற்றாண்டில் தொல்லியல் அறிஞர் கார்டன் சைல்டு, வேளாண்மை வந்த மாற்றத்துக்குப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று பெயர் வைத்தார். சைல்டு லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் காலத்தில் கிடைத்த சான்றுகளுக்கு அது நல்ல விளக்கம்தான். ஆனால் அதன்பின் தோண்டிய இடங்கள் அந்த வரிசைக்கு அடங்க மறுக்கின்றன.

துருக்கியின் தென்கிழக்கில், சான்லியுர்ஃபா நகருக்குப் பக்கத்தில், கோபெக்லி தெபே என்று ஒரு மேடு. 1963-இல் இஸ்தான்புல், சிகாகோ பல்கலைக்கழகங்களின் கூட்டுக் குழு அந்த மேட்டின் மேல் நடந்தே பார்த்திருக்கிறது. மண்ணுக்கு வெளியே தலை நீட்டியிருந்த சுண்ணாம்புக்கல் பலகைகளை இடைக்காலக் கல்லறைக் கற்கள் என்று குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். 1994-இல் அங்கே வந்த ஜெர்மன் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் அப்படிப் போகவில்லை. அவர் அதற்கு முன்பு நெவாலி சோரி என்ற இடத்தில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத் தூண்களைப் பார்த்தவர். அதனால் இந்தப் பலகைகள் அப்படிப்பட்ட தூண்களின் தலைப்பகுதி என்று அவருக்குப் பிடிபட்டது. 1995-இல் அகழாய்வு தொடங்கியது.

உள்ளே இருந்தவை வட்டமான கட்டடங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு பெரிய தூண்கள். சில ஐந்தரை மீட்டர் உயரம். நரி, காட்டுப்பன்றி, பாம்பு, தேள், கழுகு எல்லாம் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சில தூண்களின் பக்கவாட்டில் கைகளும் இடுப்பில் கச்சையும் இருக்கின்றன. அதாவது தூணே ஒரு மனித உருவம். காலம், ஏறத்தாழ கி.மு. 9500. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஏழாயிரம் ஆண்டு முந்தையது. பானை செய்யத் தெரியாத காலம். அங்கே கிடைத்த எலும்புகள் மான், காட்டு மாடு போன்ற வேட்டை விலங்குகளுடையவை. வளர்ப்பு விலங்கு ஒன்றுகூட இல்லை. தானியமும் காட்டுத் தானியம்தான்.

ஆக, விதைக்காதவர்கள் கட்டியிருக்கிறார்கள். ஷ்மிட் இங்கிருந்து துணிச்சலாக ஒரு முடிவுக்குப் போனார். இங்கே யாரும் குடியிருக்கவில்லை; சுற்றுவட்டாரத்திலிருந்து திரண்டு வந்து வழிபட்ட இடம் இது; கூடுகிறவர்களுக்குச் சோறு போட வேண்டிய தேவைதான் வேளாண்மைக்கே வழி திறந்தது என்றார். வேளாண்மை கோயிலைக் கொண்டுவரவில்லை, கோயில்தான் வேளாண்மையைக் கொண்டுவந்தது! பத்திரிகைகள் விடுமா? உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2014-இல் ஷ்மிட் மறைந்தார். அவருக்குப் பின் பணியைத் தொடர்ந்தவர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டியபோது வீடுகள் கிடைத்தன. மழைநீரைச் சேர்த்து வைத்த ஏற்பாடு கிடைத்தது. தானியம் அரைத்த கற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மக்கள் அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். கட்டடங்களை அவர்களே சடங்காக மண் போட்டு மூடினார்கள் என்று ஷ்மிட் நம்பியதும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. மேட்டின் சரிவிலிருந்து மண்ணும் இடிபாடும் சரிந்து விழுந்திருக்கலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பைவிட இந்தத் திருத்தம்தான் ருசியானது. வேட்டைக்காரர்கள் கட்டினார்கள் என்ற செய்தி அப்படியே நிற்கிறது. அதன் மேல் ஏற்றிய கதை மட்டும் உதிர்ந்துவிட்டது.

சரி, கோபெக்லி தெபே ஒரு விதிவிலக்கு என்று வைத்துக்கொள்வோமா? அப்படியானால் கடல் தாண்டி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு வாருங்கள். பாவர்ட்டி பாயின்ட் என்று பெயர். கி.மு. 1700-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலம். பாதி வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு மண் வரப்புகள். அவை அவ்வளவு பெரியவை என்பதால், 1950-களில் வான்வழிப் படங்களைப் பார்க்கும்வரை, அதன் மேலேயே நடந்தவர்களுக்கு அந்த வடிவம் புலப்படவில்லை. பக்கத்தில் 22 மீட்டர் உயர மண்மேடு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 2,38,000 கன மீட்டர் மண். சக்கரம் இல்லை, பாரம் இழுக்கும் விலங்கு இல்லை. எல்லாம் மனிதர்கள் சுமந்து கொட்டியது. சுமந்தவர்கள் மீன் பிடித்தும், மான் வேட்டையாடியும், கொட்டைகள் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள். பயிர் வைத்ததற்குச் சான்று இல்லை.

இந்த மேட்டை எவ்வளவு காலத்தில் எழுப்பினார்கள்? டி. ஆர். கிடர் என்ற ஆய்வாளரின் குழு மேட்டை வெட்டி மண்ணடுக்குகளைப் பார்த்தது. கொட்டிய மண் சில காலம் திறந்து கிடந்தால் மழை அதன் மேல் கோடு போட்டிருக்கும், புல் முளைத்திருக்கும், மண்புழு துளைத்திருக்கும். அடிக்கடி மழை பெய்யும் அந்த ஊரில் இவற்றில் எதுவுமே இல்லை. தொண்ணூறு நாளுக்குள், ஒருவேளை அதைவிடவும் விரைவாக முடித்திருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொல்கிறது. இல்லாத ஒன்றைக் கொண்டு காலத்தை அளந்த அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடித்தது. அத்தனை பேரைத் திரட்டி வேலை வாங்கியது யார்? அரண்மனை இல்லை. அரசனின் கல்லறை என்று காட்டும்படி எதுவும் இல்லை.

இனி விதைத்தவர்களின் ஊர். மறுபடியும் துருக்கி, சாத்தல்ஹோயுக். ஆயிரம் ஆண்டுக்கு மேல் மக்கள் தொடர்ந்து வாழ்ந்த இடம், கி.மு. ஏழாயிரத்தை ஒட்டித் தழைத்திருந்தது. தெருவே கிடையாது. வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. கூரை வழியாக ஏணி வைத்து இறங்கினார்கள். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். 1960-களில் அங்கே தோண்டிய ஜேம்ஸ் மெல்லார்ட், ஒரு பெண் சிலையைக் கண்டதும் தாய்த்தெய்வ வழிபாடு என்றார். 1993 முதல் இருபத்தைந்து ஆண்டு இயன் ஹாடரின் குழு பொறுமையாக வேலை செய்தது. ஆண், பெண் எலும்புகளை வேதியியல் முறையில் பார்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே உணவைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அடுப்புப் புகையின் கரி இருவர் விலா எலும்பின் உட்புறத்திலும் படிந்திருந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தது பெண் மட்டும் இல்லை என்று அர்த்தம். 2025-இல் வந்த மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஒரே வீட்டில் புதைக்கப்பட்டவர்களுக்குள் இரத்த உறவு தெரிகிற இடங்களில் அது தாய்வழியாகப் போகிறது. பெண் குழந்தைகளோடு வைத்த பொருட்கள் ஆண் குழந்தைகளுக்கு வைத்ததைவிட ஐந்து மடங்கு. பெரிய மாளிகையோ பொதுக் களஞ்சியமோ இன்றுவரை அங்கே கிடைக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'ஆதியில் எல்லோரும் சமம், பிற்பாடுதான் கெட்டுப்போனோம்' என்று சிலர் கிளம்புகிறார்கள். அவர்களுக்காக ரஷ்யாவின் சுங்கீர். விளாடிமிர் நகருக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 34,000 ஆண்டு பழமையான புதைகுழிகள். பனியுக வேட்டைக்காரர்கள். ஒரு குழியில் இரண்டு சிறுவர்களைத் தலையோடு தலை சேர்த்துக் கிடத்தியிருக்கிறார்கள். ஒருவனுக்குப் பத்து வயது, இன்னொருவனுக்குப் பன்னிரண்டு இருக்கலாம். ஒருவனின் தொடை எலும்புகள் பிறவியிலிருந்தே வளைந்தவை. வெகுகாலம் இவர்களை ஓர் ஆண், ஒரு பெண் என்றே சொல்லிவந்தார்கள். இரண்டுமே ஆண் என்று மரபணு சொல்லிவிட்டது. நெருங்கிய உறவும் இல்லை. இந்த இருவர் மேலும் மாமத் என்ற அழிந்துபோன பனியுக யானையின் தந்தத்தில் செய்த மணிகள் பத்தாயிரத்துக்கு மேல்! ஒரு மணி செய்ய ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்பது செய்து பார்த்தவர்களின் கணக்கு. அந்த வயதில் வேட்டையில் பேர் வாங்கியோ உழைத்தோ இதைச் சம்பாதித்திருக்க முடியாது. பிறப்பால் வந்த பெருமையா? ஏதோ சடங்குக்காகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளா? வளைந்த கால்தான் காரணமா? மூன்றுக்கும் வாதாடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஏனென்றால் பனியுகப் புதைகுழிகளில் ஆடம்பரமானவை சிலவற்றில் உடற்குறை உள்ளவர்கள் இருப்பது வேறு இடங்களிலும் தெரிகிறது. ஆனால் மற்றச் சிறுவனின் பங்கு மணிகளுக்கு அது பதில் சொல்லவில்லை. அதையே யாராவது கேள்வி நேரத்தில் கேளுங்கள், பேசுவோம்.