மெல்பர்னா, நார்மா?

அவையோருக்கு வணக்கம். ஆஸ்திரேலிய நகரங்களுக்குப் பூர்வகுடிப் பெயர்களை வைக்கலாமா என்பது இங்கே இப்போது சூடான விவாதம். மெல்பர்னை நார்ம் என்றும், பிரிஸ்பேனை மியான்ஜின் என்றும் சொல்பவர்கள் பெருகி வருகிறார்கள். கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இருக்கிற பெயர்கள் யாருடையவை? சிட்னி பிரபு பிரிட்டனின் உள்துறை அமைச்சர். மெல்பர்ன் பிரபு பிரதமர். 1837இல் ஆளுநர் பர்க் அவர் பெயரை இந்த ஊருக்குச் சூட்டினார். ஹோபார்ட் பிரபுவும் ஓர் அமைச்சர்தான். மூவருமே இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மேலிடத்தைக் குளிர்விக்க வைத்த பெயர்கள்! அதனால் 'வரலாறு அழிந்துவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றம் வருவதில்லை. டார்வின் நகருக்கே 1911 வரை பாமர்ஸ்டன் என்றுதான் பெயர்.

'வாயில் நுழையாது' என்பது அடுத்த வாதம். டாண்டினாங், மூராபின், பரமட்டா, வூலங்காங் என்ற ஊர்ப் பெயர்கள் எல்லாம் யார் மொழியாம்? பூர்வகுடிகளின் மொழிதானே! கான்பெரா என்ற பூர்வகுடிப் பெயர் கொண்ட தலைநகரில் உட்கார்ந்து ஆட்சி செய்கிறவர்கள் இதைச் சொல்லும்போது சிரிப்புத்தான் வருகிறது.

சரி, அப்படியானால் நாளைக்கே மாற்றிவிடலாமா? என் தயக்கம் வேறு இடத்தில். நார்ம் என்பது போர்ட் பிலிப் விரிகுடாவையும் அதை ஒட்டிய இடத்தையும் குறித்த பெயர். இன்றைய மெல்பர்னோ ஐம்பது லட்சம் பேர் வாழும் பரப்பு. 2021இல் விக்டோரியாவின் பூர்வகுடி மரபுரிமை மன்றம் வரைந்த எல்லைக்கோடு நகரத்தின் ஊடாகவே போகிறது: ரிச்மண்ட் வுருண்ட்ஜெரி மக்களின் பகுதியில், செயின்ட் கில்டா பூனுரொங் மக்களின் பகுதியில். ஒரே பெயரை மொத்தத்துக்கும் போர்த்தினால், அன்று பர்க் செய்ததையே நாமும் நல்லெண்ணத்தோடு செய்தவர்களாவோம்.

மெல்பர்னின் மோர்லண்ட் நகராட்சி இதைச் சரியாகக் கையாண்டது என்பேன். ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு தோட்டத்தின் பெயர் அது. அது தெரிந்ததும் வுருண்ட்ஜெரி பெரியவர்களிடம் பேசினார்கள். அவர்கள் மூன்று பெயர்கள் தந்தார்கள். நகராட்சி ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டது. 2022இல் அது மெர்ரிபெக் ஆனது. முதலில் அந்த மண்ணுக்குரியவர்களிடம் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். உலுரு பாறைக்கு 1993இல் இரட்டைப் பெயர் கிடைத்தபோது ஏயர்ஸ் ராக் முன்னால் இருந்தது. 2002இல் உலுரு முன்னுக்கு வந்தது. இன்று பெரும்பாலானோர் உலுரு என்றே சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் வைப்பது செலவில்லாத மரியாதை. 2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குழுவுக்கு அரசியலமைப்பில் இடம் கேட்டபோது, ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் கைவிரித்தன. மின்னஞ்சலின் அடியில் 'நார்ம்' என்று போட்டுக்கொள்ளும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

பெயர்கள் மாறும்வரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய அஞ்சல் துறை முகவரியில் பாரம்பரியப் பெயரை ஏற்கிறது: பெறுநர் பெயருக்குக் கீழே, தெருவுக்கு மேலே. செயின்ட் கில்டாக்காரர்கள் பூனுரொங் என்று எழுதுங்கள், ரிச்மண்ட்காரர்கள் வுருண்ட்ஜெரி என்று எழுதுங்கள். அஞ்சல் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.