கருவிக்கே இரைச்சல் இருந்தால் எதை வைத்து அளப்பது?

சரி, இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். இரண்டு நாளாக இது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நேயர் கேட்கிறார்: "லைகோவில் லேசரைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டில் இரைச்சல் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றீர்கள். அதை அளக்கிற கருவிக்கும் இரைச்சல் உண்டே, எதை நம்புவது?"

அருமையான கேள்வி. லைகோ என்பது ஈர்ப்பலைகளை லேசரால் பிடிக்கும் கருவி. அதன் கை ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். அதில் புரோட்டானைவிடப் பல நூறு மடங்கு சிறிய அசைவைத்தான் 2015 செப்டம்பர் 14 அன்று பிடித்தார்கள். சர்க்யூட்டின் இரைச்சல், அதாவது மின்னழுத்தத்தின் தாறுமாறான நடுக்கம், லேசரில் ஏறிவிட்டால் அந்த அசைவு மூழ்கிப்போகும்.

தராசை வைத்தே யோசிப்போம். தட்டில் ஒன்றும் வைக்காமல் முதலில் முள்ளைப் பாருங்கள். இங்கே தராசு முன்பெருக்கி, அதாவது சிறு மின்னழுத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதன் உள்ளீட்டின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து ஷார்ட் செய்தால், வெளியே வருவது அதன் சொந்த இரைச்சல். நல்ல பெருக்கியில் ரூட் ஹெர்ட்ஸுக்கு (அதிர்வெண் அகலத்தின் வர்க்கமூலத்துக்கு இவ்வளவு என்று இரைச்சலைச் சொல்லும் அலகு) 4 நானோவோல்ட் வரும். அப்புறம் எடைக்கல் வேண்டுமே? அதற்கு ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போதும். அறை வெப்பநிலையில் அதன் வெப்ப இரைச்சலும் 4 நானோவோல்ட். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்தது, நைக்விஸ்ட் 1928-இல் சூத்திரம் தந்தது. அந்த ரெசிஸ்டரைப் பெருக்கியில் மாட்டினால் 8 வரும் என்று நினைப்பீர்கள். வராது, சுமார் 5.7 தான் வரும். இரைச்சல்கள் தாறுமாறானவை, வர்க்கங்களாகத்தான் கூடும். ஆக, ரெசிஸ்டருக்குப் பதில் நம் சர்க்யூட்டை மாட்டி 5 வந்தால் அதன் பங்கு 1 இல்லை, 3. பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணமேதான்.

சர்க்யூட் பெருக்கியைவிட அமைதியானதா? அப்போது இரண்டு பெருக்கிகளை ஒரே புள்ளியில் மாட்டி, இரண்டுக்கும் பொதுவாக வருவதை மட்டும் நெடுநேரம் சராசரி எடுப்பார்கள். பெருக்கிகளின் தனி இரைச்சல் கரைந்துவிடும்.

எனக்கு ஒருமுறை இரைச்சல் வரைபடத்தில் சில ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு மேடு வந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் மின்விசிறி! காற்று பட்டு சால்டர் இணைப்புகளில் வெப்பம் ஏறி இறங்கியிருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து மூடினேன், மேடு போய்விட்டது. அன்று மதியச் சாப்பாடு காகிதத்தில்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: லேசரே அமைதியாகிவிட்டதா என்று யாரைக் கேட்பது? லேசரின் வெளிச்சத்தை ஒரு ஃபோட்டோடயோடு (வெளிச்சத்தை மின்னோட்டமாக்கும் பாகம்) பார்த்துக்கொண்டே இருக்கும்; அது ஆடினால் ஒரு பின்னூட்டச் சுற்று லேசரைத் திருத்தும். அந்தச் சுற்றில் உள்ள டயோடைப் பார்த்தால் அற்புதமாக இருக்கும். வெளிச்சம் துகள் துகளாக வந்து விழுவதால் வரும் ஷாட் இரைச்சல், 1 மில்லிஆம்பியருக்கு ரூட் ஹெர்ட்ஸுக்கு 18 பிக்கோஆம்பியர். அதற்கும் கீழே காட்டும்! கடைக்காரர் தன் தராசைத் தன் தராசிலேயே சோதித்த கதை இது. அந்த டயோடின் ஷாட் இரைச்சலையும் லேசரின் ஆட்டம் என்று நம்பி, சுற்று அதை லேசரிலேயே ஏற்றிவிடுகிறது. பக்கத்துக் கடைத் தராசில் வையுங்கள்: சுற்றுக்கு வெளியே, அதே அளவு வெளிச்சம் விழும் இன்னொரு டயோடு. எவ்வளவு நல்ல சுற்றானாலும் அங்கே ஏறக்குறைய 25 பிக்கோஆம்பியருக்குக் கீழே இறங்காது.

18 எப்படி 25 ஆனது? மேலே சொன்ன முக்கோணத்தை வைத்தே போட்டுப் பாருங்கள்.