கல்லைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகக் கல்லைப் பற்றிக் கண் மருத்துவனுக்கு என்ன பேச்சு என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த நேரம், ரோஸ் ஹில்லிலிருந்து பஸ் ஏறி ஓர் அக்கா என்னிடம் வந்தார். "மாலை கட்ட ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, டாக்டர். இரண்டு கண்ணிலும் ஒட்டடை தொங்குகிறது" என்று சொல்லி, அதை விலக்குவதுபோல முகத்துக்கு முன்னே விரலை ஆட்டினார். வேறோர் இடத்தில் கண் அழற்சி என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் தெளிந்து, பிறகு முன்னைவிட மங்கிவிட்டது. கருவியை வைத்துப் பார்த்தால், விழிக்குள் இருக்கும் கூழில் வெள்ளை உருண்டைகள், முத்துச்சரம் கோத்ததுபோல. அந்தச் சரத்தைக் கண்டால் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். பூஞ்சையாக இருக்கலாம்.

அடிபட்டதா? இல்லை. காய்ச்சலா? இல்லை. சர்க்கரையா? "அது யாருக்குத்தான் இல்லை, டாக்டர்!" மொரீஷியஸில் இந்தப் பதிலோடு வழக்காட முடியுமா? கடைசியில் கதவருகே போய் நின்று கேட்டார். "மூன்று வாரத்துக்கு முன்னால் கல்லை உடைத்து எடுத்தார்கள். குழாய் இன்னும் உள்ளே இருக்கிறது. அதைக் கண்ணுக்குச் சொல்ல வேண்டுமா?"

அதைத்தானே அக்கா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

கான்டிடா என்ற பூஞ்சை நம் வாயிலும் குடலிலும் சாதுவாக இருப்பதுதான். ஆன்டிபயாடிக் மருந்து அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களைக் காலி செய்துவிட்டால் அது பரவிக்கொள்ளும். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் அதற்கு விருந்து. கல்லிலும், சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் குழாயிலும் பாசிபோல ஒட்டிக்கொள்ளும். கல்லைக் கிளறும்போது இரத்தத்தில் கலந்துவிடும். விழித்திரைக்குப் பின்னால் இரத்தம் மிகுதியாகப் பாயும் படலம் ஒன்று உண்டு, அங்கே போய்த் தங்கிவிடும். பூஞ்சை மருந்து இல்லாமல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை மட்டும் விட்டால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

அபூர்வமாகத்தான் இப்படி நடக்கும். இதற்குப் பயந்து கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஆனால் கல் எடுத்த சில நாளிலோ சில வாரத்திலோ பார்வை மங்கினால், கண் சிவந்தால், கண்முன் பூச்சி பறந்தால், உடனே கண் மருத்துவரிடம் போய், வாய் திறந்ததும் கல்லைச் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கல்லைச் சொல்லுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். வோரிகொனசோல் போன்ற பூஞ்சை மருந்தைப் பல வாரம் எடுக்க வேண்டும், தேவையானால் விழிக்குள்ளேயே ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் கூழை அகற்றும் அறுவைச் சிகிச்சை. குழாயை எடுப்பதா மாற்றுவதா என்பதைக் கல் எடுத்த மருத்துவர் பார்த்துக்கொள்வார். அந்த அக்கா இடது கண்ணால் இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். வலது கண்ணின் கதையைச் சொல்ல நேரமில்லை, தம்பியின் விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.