மணலுக்குள் வேகும் ரொட்டி: துவாரெக் மக்களின் தகெல்லா

(காட்சி: மாலை வெளிச்சம். மணல்மேட்டின் அடியில் எரியும் சுள்ளிகள்.)

"சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானே" என்று நம்மூரில் வயிறெரிந்து சொல்வார்கள். சகாராவில் துவாரெக் மக்கள் சாப்பாட்டின் மேல் ஆசை ஆசையாக மண்ணை அள்ளிப் போடுகிறார்கள்.

அந்த ரொட்டிக்குப் பெயர் தகெல்லா. தெற்கு அல்ஜீரியாவின் ஹோகர் மலைப்பகுதியிலிருந்து நைஜர், மாலி வரைக்கும் செய்கிறார்கள். ஒட்டகத்தோடும் ஆட்டோடும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் அடுப்பைச் சுமந்து திரிய முடியுமா? போகிற இடமெல்லாம் மணல்தான் அடுப்பு.

(காட்சி: மாவு பிசையும் கைகள்.)

கோதுமை ரவை அல்லது மாவு, உப்பு, தண்ணீர். புளிக்க வைப்பதில்லை. நம் அடையைவிடத் தடிமனாக, வட்டமாகத் தட்டிக்கொள்கிறார்கள். மாவு கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் மணல் ஒட்டிக்கொண்டு விடாது.

இதற்குள் வேல மர விறகு எரிந்து தணலாகியிருக்கும். தணலை ஒதுக்கிவிட்டு, கீழே கொதிக்கிற மணலைச் சமப்படுத்தி, மாவை அப்படியே அதன்மேல் வைக்கிறார்கள். மேலே சூடான மணல், அதற்கும் மேலே தணல்.

ரொட்டி கருகாதா? தணல் நேராகப் படாமல் நடுவில் மணல் நிற்கிறது. அது சூட்டை வாங்கி, மெதுவாக, எல்லாப் பக்கமும் விடுகிறது. சூடு பட்டதும் மாவின் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிவிடும். அப்புறம் மணல் உள்ளே போக வழியில்லை.

பாதியில் தோண்டித் திருப்பிப் போட்டு மறுபடியும் மூடுகிறார்கள். தடிமனைப் பொறுத்து அரை மணி நேரம் போல ஆகும். வெந்ததா என்று பார்க்க விரலால் தட்டுகிறார்கள், தேங்காய் வாங்கும்போது நாம் தட்டுகிற மாதிரி.

(காட்சி: ரொட்டியின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.)

இந்த இடத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மணலைத் தட்டி, சுரண்டி, மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். சுட்ட ரொட்டியைக் கழுவுவதா! ஆனால் அந்தத் தோல் அவ்வளவு கெட்டி. உள்ளே ஈரம் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

பிறகு பொடிப்பொடியாகப் பிய்த்து ஒரே பெரிய பாத்திரத்தில் போட்டு, தக்காளி, வெங்காயம், கிடைத்தால் ஆட்டிறைச்சி சேர்த்த குழம்பை ஊற்றிப் பிசறுகிறார்கள். குழம்பில் ஊறிய பிறகும் மெல்ல வேலை வைக்கும். சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கரண்டியோடு அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

தணல் இன்னும் கனன்றுகொண்டிருக்கும். அதில் தேநீர்ப் பாத்திரம் ஏறியாச்சு. மூன்று சுற்று உண்டு; முதல் கிளாஸ் நல்ல கசப்பு.