மருத்துவச்சியின் பைக்குள் இருந்தது

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

‘கால் த மிட்வைஃப்’ என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரில், அந்தக் கால லண்டன் மருத்துவச்சிகளின் கதையில், நம்மைக் கட்டிப்போடுவது பழைய காலத்தின் அழகா, அன்றைய மருத்துவத்தின் உண்மையா? மருத்துவத்தின் உண்மைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். லண்டனில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள் நான். நைட் ட்யூட்டி முடிந்து வந்தும் இந்தத் தொடரைப் போட்டுப் பார்க்கிறவள்.

எனக்கு முன் பேசிய தங்கை சைக்கிளைச் சொன்னார், கார்டிகனைச் சொன்னார், கிறிஸ்துமஸ் பனியைச் சொன்னார். அழகாகவே சொன்னார். ஆனால் தங்கச்சி, அந்தச் சைக்கிள் எந்த வீட்டுக்குப் போகிறது? 1957, கிழக்கு லண்டனின் பாப்லர். கப்பல்துறைக் கூலித் தொழிலாளியின் வீடு. பிரசவம் பார்த்துவிட்டு மிட்வைஃப் காசு கேட்காமல் கிளம்புகிறார். 1948 ஜூலை 5ஆம் தேதி என்ஹெச்எஸ், அதாவது பிரிட்டனின் இலவச அரசு மருத்துவச் சேவை, தொடங்கி அப்போது ஒன்பது வருடம்தான்.

அவர் பையிலிருந்து எடுக்கிறாரே ஒரு சின்ன ஊதுகுழல் மாதிரி, அந்தப் பினார்டு குழலைக் கவனித்திருக்கிறீர்களா? அகன்ற வாய் வயிற்றில், தட்டையான பக்கம் காதில். வைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் அந்த உரசல் குழந்தையின் இதயத் துடிப்பை மறைத்துவிடும். காதாலேயே அழுத்திப் பிடித்து மூச்சடக்கிக் கேட்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் சோபாவில் உட்கார்ந்திருக்கிற நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

முதல் பருவத்தில் கான்சிட்டா என்ற தாய். 24 பிள்ளை பெற்றவள். இருபத்தைந்தாவது குறைமாதத்தில் பிறக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றால் விடவே மாட்டேன் என்கிறாள். நெஞ்சோடு நெஞ்சாக வைத்தே பிழைக்கவைக்கிறாள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற டாக்டர் இதைத்தான் முறைப்படுத்தினார். இன்று எங்கள் வார்டில் கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயர்.

“தாலிடோமைடு பற்றித் தெரிய வேண்டுமானால் புத்தகம் இருக்கிறதே, அதற்கு ஒரு தொடரா?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, புத்தகத்தில் இருப்பதை நானும் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு மசக்கைக்காகவும் கொடுத்த மாத்திரை அது. டிஸ்டாவல் என்ற பெயரில் 1958இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, 1961 கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. கருத்தரித்து ஏறக்குறைய 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில் சாப்பிட்டால் கை கால் வளர்ச்சியைக் குலைத்துவிடும். மசக்கை தொடங்கி, தாங்க முடியாமல் டாக்டரிடம் ஓடுகிற நாட்களும் பலருக்கு அவைதான். அங்கேதான் கொடுமை.

தொடரில் அதை எழுதிக் கொடுப்பவர் யார்? ஊரே நம்புகிற டாக்டர் டர்னர். பாதுகாப்பானது என்று கம்பெனி சொன்னதை நம்பி, நல்ல மனதோடு கொடுத்தவர். தன் பேனாதான் இதைச் செய்தது என்று தெரியும்போது அந்த மனிதர் இடிந்துபோகிறாரே, அதை எந்த அட்டவணை காட்டும்? அந்த மாத்திரையால் பாதிக்கப்பட்டுப் பிறந்த சூசன் என்ற குழந்தையும் ஒரு வாரக் கண்ணீரோடு காணாமல் போகவில்லை. பின்னால் வந்த பருவங்களில் வளர்ந்து திரும்பி வருகிறாள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு காட்சி, ஐயா. ஐந்தாம் பருவம். ஆஸ்பத்திரியில் ஊனத்தோடு ஒரு குழந்தை பிறக்கிறது. திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், குளிரில், சாகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மிட்வைஃப்கள் தங்கியிருக்கும் மடத்தின் தலைவியான கன்னியாஸ்திரீ சிஸ்டர் ஜூலியன் உள்ளே வந்து பார்க்கிறார், குழந்தையை வாரி எடுத்து அணைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் ட்யூட்டிக்குப் போனதும் முதல் வேலையாகத் தொட்டில்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். எல்லாக் குழந்தையும் கதகதப்பாக இருந்தது. நன்றி, வணக்கம்.